ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2: வெளிப்புறப் படப்பிடிப்பில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

2024 மே மாதம் அறிமுகமான ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2, பேட்டரியும் கார்டும் சேர்த்து 883 கிராம்தான். மீடியம் ஃபார்மட் (ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் கொண்டது) என்றாலே ஸ்டுடியோவில் கணினியோடு கேபிளில் கட்டிப்போட்ட கேமரா என்ற நிலை போய்விட்டது. 43.8 × 32.9 மி.மீ. சென்சார், 102 மெகாபிக்சல், உள்ளேயே 8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு வேறுபாடு) வரை அதிர்வு நீக்கம். சோலைக்காட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், கடற்கரைக்கும் போகலாம். ஆனால் அந்த 102 மெகாபிக்சலும் படத்தில் இறங்குமா என்பதைத் தீர்மானிப்பது ஷட்டர் வேகமும் ஃபோகஸும்தான். வாங்கிய புதிதில் பலருக்கும் ஏமாற்றம் வருவது இந்த இரண்டிலும்தான்.

முதலில் காற்று. இந்த சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். 110 மி.மீ. லென்ஸில் ஐந்து மீட்டர் தொலைவில் உள்ள ஓர் இலையை எடுக்கிறீர்கள் என்றால், இலையின் மேல் ஒரு பிக்சல் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 0.17 மி.மீ. மெல்லிய காற்றில் அந்த இலை நொடிக்கு 10 செ.மீ. அசைந்தாலே, 1/125 விநாடி ஷட்டரில் 0.8 மி.மீ. நகர்ந்துவிடும். அதாவது ஐந்து பிக்சல் கலங்கல். 1/1000இல் அது ஒரு பிக்சலுக்குள் அடங்கும். அதிர்வு நீக்கம் கையின் ஆட்டத்துக்கு மட்டுமே மருந்து, இலையின் ஆட்டத்துக்கு அல்ல. ட்ரைபாடும் அப்படித்தான். ஆகவே செடிகொடி உள்ள காட்சியில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 800, 1600 என்று தயங்காமல் ஏற்றி ஷட்டரை வேகமாக வைப்பதே சரி. அதனால் வரும் சிறிது நாய்ஸை (புள்ளிப்புள்ளியான இரைச்சலை) மென்பொருளில் குறைத்துவிடலாம், கலங்கிய இலையை எதுவும் மீட்டுத் தராது.

கல் அசையாது. கங்கைகொண்ட சோழபுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், ஆகவே பெரும்பாலும் கையில் பிடித்துத்தான் எடுத்தாக வேண்டும். அங்கே இந்த கேமராவின் அதிர்வு நீக்கம் அருமையாக உழைக்கிறது. 63 மி.மீ. லென்ஸில் 1/15 வரை நம்பலாம். மூன்று நான்கு படங்களை அடுத்தடுத்து எடுத்து, நூறு சதவீதத்தில் பார்த்துக் கூர்மையானதை வைத்துக்கொள்ள வேண்டும். பழைய 'ஃபோகல் நீளத்துக்கு ஒன்று' கணக்கு (63 மி.மீ. லென்ஸுக்கு 1/63 விநாடி) இந்தப் பிக்சல் அளவுக்குப் போதாது. அதிர்வு நீக்கம் இல்லாமல் எடுப்பதானால் குறைந்தது அதன் இரண்டு மடங்கு வேகம் வேண்டும்.

ஷட்டர் வகையை 'எலக்ட்ரானிக் முன்திரை (பதிவைத் தொடங்குவது சென்சார், முடிப்பது இயந்திரத் திரை), வேகம் கூடினால் மெக்கானிக்கல்' என்ற சேர்க்கையில் விட்டுவிடுவது நல்லது. முழு எலக்ட்ரானிக் ஷட்டர் ஓசையில்லாதது என்பதால் கோயிலிலும் பறவையிடமும் ஆசை காட்டும். ஆனால் சென்சார் முழுவதையும் வரிவரியாக வாசித்து முடிக்க 1/10 விநாடிக்கும் மேல் ஆகிறது. பறக்கும் இறகு வளையும், எல்இடி விளக்கு உள்ள மண்டபத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ஃபோகஸ் ஆழம்தான் அடுத்த பெரிய சிக்கல். 32-64 லென்ஸை 32 மி.மீ.யில், எஃப் 8 துளையில் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) வைத்தால், வழக்கமான அட்டவணைப்படி ஹைப்பர்ஃபோகல் தூரம் ஏறத்தாழ 3.7 மீட்டர். அங்கே ஃபோகஸ் செய்தால் 1.8 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மை என்று அட்டவணை சொல்லும். அது பெரிய அச்சை எட்டி நின்று பார்ப்பவருக்கான அளவு. இரண்டு பிக்சல் கலங்கலையே எல்லையாக வைத்துக் கணக்கிட்டால் அதே தூரம் 17 மீட்டர் ஆகிவிடும், கிட்டத்து எல்லை 8.5 மீட்டருக்குப் போய்விடும். முன்னே உள்ள புல்லும் பின்னே உள்ள மலையும் ஒரே படத்தில் கூர்மையாக வராததற்கு இதுதான் காரணம், லென்ஸில் குறை இல்லை. மெனுவில் ஃபோகஸ் ஆழ அளவுகோலுக்கு ஃபிலிம் அடிப்படை, பிக்சல் அடிப்படை என்று இரண்டு தேர்வு உண்டு. பிக்சல் அடிப்படைக்கு மாற்றிவிடுங்கள். திரையில் தெரியும் பட்டை சட்டென்று சுருங்கும், ஆனால் அதுதான் உண்மை.

எஃப் 16க்கு மூடினால் போகாதா என்றால், அங்கே டிஃப்ராக்ஷன், அதாவது சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது, குறுக்கே நிற்கிறது. எஃப் 8இல் ஒளிப்புள்ளியின் விட்டம் சுமார் 11 மைக்ரான், எஃப் 11இல் 15, எஃப் 16இல் 21. எஃப் 11 வரை ஷார்ப்பனிங்கில் சமாளிக்கலாம். அதற்கு மேல் வாங்கிய பிக்சலைக் கையால் அழிப்பது போலத்தான்.

ஆகவே ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து, பின்னர் ஒன்றாகச் சேர்க்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங் இங்கே அன்றாடக் கருவி. தானியங்கி முறையில் கிட்டப் புள்ளி ஏ, எட்டப் புள்ளி பி இரண்டையும் குறித்தால், எத்தனை படம், எவ்வளவு இடைவெளி என்பதை கேமராவே கணக்கிட்டுக்கொள்ளும். எஃப் 5.6 அல்லது 8, எக்ஸ்போஷர் மேனுவல், ஒயிட் பேலன்ஸ் நிலையாக, இரண்டு விநாடி டைமர். ஏ புள்ளியை உங்களுக்கு மிக அருகில் உள்ள புல் நுனிக்கும் ஒரு விரற்கடை முன்னால் வையுங்கள். இல்லாவிட்டால் முதல் படமே தாமதமாகத் தொடங்கி, அடிப்பகுதியில் ஒரு மங்கல் பட்டை நிற்கும். காற்றடித்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். படத்துக்குப் படம் இலை இடம் மாறி, சேர்த்த பிறகு இரட்டை விளிம்பாகத் தெரியும். 16 படங்களைச் சேர்த்து 400 மெகாபிக்சல் தரும் பிக்சல் ஷிஃப்டும் இதே காரணத்தால் வெளியில் அநேகமாகப் பயன்படாது.

மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். மரத்தண்டின் விளிம்பு போன்ற கருமையான கோட்டின் மேல் சிறிய ஃபோகஸ் கட்டத்தை வைத்தால் பிடித்துக்கொள்ளும். மேனுவலில் திருப்புபவர்கள் ஃபோகஸ் வளையத்தை லீனியருக்கு (திருப்பும் வேகம் எதுவானாலும் திருப்பிய அளவுக்கே ஃபோகஸ் நகரும் முறைக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து சமவெளியை 100-200 லென்ஸில் எடுப்பதானால் விடிந்த உடனே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறிக் காற்று சூடானபின் அலையடிப்பதை எந்த சென்சாரும் பிரித்துக் காட்டாது.

எக்ஸ்போஷரில் ஒன்றே ஒன்று: ஹிஸ்டோகிராம் (ஒளியளவு வரைபடம்) காட்டுவது ஜேபெக்கின் ஒளியளவை, சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பினுடையதை அல்ல. எட்டெர்னா போன்ற மென்மையான ஃபிலிம் சிமுலேஷனில் (ஃபிலிமின் வண்ணத் தோற்றம் தரும் அமைப்பில்) ஹைலைட்டைக் குறைத்து வைத்தால் உண்மைக்கு அருகில் வரும். டிஆர் (டைனமிக் ரேஞ்ச்) அமைப்பை 100இலேயே நிறுத்திவையுங்கள். 200, 400 என்று ஏற்றினால் கேமரா ஐஎஸ்ஓவின் கீழ் எல்லையையே உயர்த்திவிடும், ஐஎஸ்ஓ 80இன் நன்மை போய்விடும். ரா கோப்பில் 16 பிட்டுக்கும் 14 பிட்டுக்கும் உள்ள வேறுபாடு, ஆழ்நிழலைப் பல ஸ்டாப் தூக்கினால்தான் தெரியும். வெளியில் 14 பிட், இழப்பில்லாத சுருக்கம் போதும்.

லென்ஸில் என் தேர்வு 35-70. 390 கிராம்தான், மழைத்துளி, தூசி தாங்கும், எஃப் 8இல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. 45-100 ஒரு கிலோவைத் தாண்டும். எடுத்துச் செல்லும்போதே முதுகு கேட்கும். பேட்டரி 530 படம் என்று மதிப்பிடப்பட்டது, ட்ரைபாடில் திரையைப் பார்த்தபடி வேலை செய்தால் அது கிடைக்காது. மூன்று வைத்துக்கொள்ளுங்கள். டைப்-சி வழியாகப் பவர் பேங்கிலும் ஏறும். கீழே எல் பிராக்கெட் (ட்ரைபாடில் கேமராவைக் கிடையாகவும் செங்குத்தாகவும் மாட்ட உதவும் எல் வடிவத் தகடு) பொருத்துவதானால் பேட்டரிக் கதவு திறக்க வழி விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஏசி காரிலிருந்து தனுஷ்கோடி காற்றுக்குள் நேராக கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். ஜிப் பையில் மூடியபடி வெளியே வைத்து, காற்றின் வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். துணியால் துடைத்தால் மீண்டும் வியர்க்கும், உப்பும் தேய்க்கும். வீட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் ட்ரை கேபினட்டில் வையுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை காத்திருக்காது.

கணினி பற்றி: ஒரு 16 பிட் டிஃப் கோப்பு 600 எம்பியைத் தாண்டும், எட்டுப் படம் அடுக்கினால் ஐந்து ஜிபியை ஒட்டி வரும். ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி 2 ஜிபியோடும், டிஃப் 4 ஜிபியோடும் நின்றுவிடும், ஆகவே தொடக்கத்திலேயே பிஎஸ்பியாக (பெரிய கோப்புகளுக்கான ஃபோட்டோஷாப் வடிவமாக) சேமிக்க வேண்டும். 64 ஜிபி ரேம் இல்லாமல் அடுக்கும் வேலை இழுத்தடிக்கும். பலன் அச்சில்தான்: 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்), பெரிதாக்காமலே 38.8 × 29.1 அங்குலம்.

சென்சார் துடைப்பதில் கவனம். ஃபுல் ஃப்ரேமுக்கான 24 மி.மீ. ஸ்வாப் (துடைக்கும் பட்டை) இங்கே போதாது, குறுகிய பக்கமே 33 மி.மீ. இருமுறை இழுத்தால் நடுவே திரவக் கோடு படிந்து, எஃப் 11இல் எடுத்த வானத்தில் அப்படியே தெரியும். 44 × 33 அளவுக்கென்றே விற்கும் ஸ்வாபை வாங்கி, முதலில் ப்ளோயரால் மணலை ஊதிவிட்டு, ஒரே இழுப்பில் முடியுங்கள்.