இணையதளம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

கொல்லத்தில் பழைய ஃபைபர் படகு வாங்கியபோது நான் ஏமாறவில்லை. பதினெட்டு அடி, முன்னால் இரண்டு பேர் குனிந்து நுழையும்படி ஒரு சின்ன கேபின், பின்னால் வெளியே மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். மோட்டாரைப் படகில் மாட்டும் தாங்கியில் பொறித்திருந்த மோட்டார் எண்ணையும் ரசீதில் இருந்த எண்ணையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். தரகருக்கே எரிச்சல் வந்துவிட்டது. அந்தப் படகைப் பற்றி ஒரு இணையதளம் தொடங்கப் போய்தான் மாட்டிக்கொண்டேன்.

படகு கிடப்பது கன்னியாகுமரிப் பக்கம் மணக்குடிக் காயலில், பழையாறு கடலில் சேரும் பொழிக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. மீன் பிடிக்காத ஆளுக்குப் படகு எதற்கு என்று வள்ளக்காரர்களுக்கு என்னைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்புதான். ஆனால் கேட்டதை எல்லாம் சொல்லித் தந்தவர்களும் அவர்களே. உப்புத் தண்ணீரில் ஓட்டி வந்தால் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் ஓடும் பாதையில் உப்பு கட்டிவிடும். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே மோட்டாரை நிறுத்தி, குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் சின்னச் சக்கரமான இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். மோட்டார் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். இப்படி மூன்று வருடத்தில் இரண்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். தமிழில் இதெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் இன்னொருவருக்கு உதவுமே என்ற ஆசை.

மருமகனின் நண்பன் ஒருவன் நாகர்கோவிலில் இந்த வேலை செய்கிறான் என்றார்கள். வந்தான். நல்ல பேச்சு. "மாமா, நீங்க நோட்டை மட்டும் தாங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றான். பதினெட்டாயிரம் பேசி, முன்பணம் பத்தாயிரம் ஜிபேயில் அனுப்பினேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. மருமகனின் நண்பனிடம் போய் ஒப்பந்தம் கேட்பதா என்ற கூச்சம்.

தளம் வந்தது. முகப்பில் ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் பளபள கப்பல், என் படகோ நான்காவது பக்கத்தில் தபால்தலை அளவில். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க படகுப் பேரைக் கூகுளில் தேடினா ரம்மி விளம்பரம் வருதே?" வேறொருவரைக் கூட்டி வந்து பார்த்ததில், காசு கொடுத்து வாங்க வேண்டிய வடிவமைப்பைத் திருட்டுப் பிரதியாக எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறான் என்று தெரிந்தது. அதற்குள் மறைந்திருந்த நிரல் என் பக்கங்களில் சூதாட்டத் தளங்களுக்கு இணைப்புகளைச் செருகிக்கொண்டிருந்தது. நாம் திறந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். பையனிடம் கேட்டால், "அதுக்கு செக்யூரிட்டி பேக்கேஜ் போடணும் மாமா, ஆறாயிரம் ஆகும்" என்கிறான்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. வருடாந்திரப் புதுப்பிப்புக்குப் பன்னிரண்டாயிரம் கேட்டான். சாதாரண டொமைனுக்கு ஆயிரம் ரூபாய் பக்கம்தான் ஆகும் என்று அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நானே கட்டுகிறேன், டொமைனை என் கணக்குக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கொடு என்றேன். இன்று, நாளை என்று இழுத்தான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. டொமைனை விற்ற பதிவு நிறுவனத்துக்கு எழுதினால், கணக்கு என் பெயரில் இல்லை, உரிமையாளர்தான் கேட்க வேண்டும் என்று பதில். ஆமாம், டொமைனை அவன் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும்தான் வாங்கியிருக்கிறான். காலாவதியான பிறகும் உரிமையாளர் மீட்டுக்கொள்ளச் சில வாரம் அவகாசம் உண்டாம். அந்த உரிமையாளர் நான் இல்லையே.

வக்கீல் நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார். "உன் பேர்ல என்னடே இருக்கு?" ஜிபே ரசீது மட்டும் இருந்தது. மோட்டார் எண்ணை மூன்று தடவை பார்த்த அதே ஆள்தான்.

சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன், எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை. கட்டுரைகளில் பாதியை, பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலிருந்து தோண்டி எடுத்தேன். மீதி அந்த நோட்டுகளில் இருக்கிறது. நல்லவேளை, வேலை முடிந்ததும் அவனிடமிருந்து திருப்பி வாங்கி வைத்திருந்தேன். இந்த முறை டொமைனை என் பெயரில், என் மின்னஞ்சலில், என் கார்டில் நானே வாங்கினேன். அரை மணி நேர வேலை. தளத்தைச் செய்து தரும் பெண்ணுக்குத் தனியாக ஒரு நுழைவு மட்டும் கொடுத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை முழு நகலும் என் கணினிக்கு வந்துவிடுகிறது.

பழைய முகவரியைச் சேமித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். காலாவதியானதும் யாரோ அதை வாங்கிவிட்டார்கள். இப்போது திறந்தால் முழுக்க சீட்டாட்டம்தான் வருகிறது, படகின் பெயர் மட்டும் மேலே அப்படியே இருக்கிறது.