முர்தபாக், ரொட்டி ஜான், பீட்டா கெபாப்: பினாங்கில் எதை எப்போது வாங்குவது?

ரொட்டிக்குள் இறைச்சியை வைத்து மடித்தோ அடைத்தோ விற்கும் உணவுகளில் பினாங்கில் எளிதாகக் கிடைப்பவை மூன்று: தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளின் முர்தபாக், ரமலான் சந்தைகளில் கூட்டம் மொய்க்கும் ரொட்டி ஜான், இரவுச் சந்தைகளில் பீட்டா ரொட்டியில் அடைத்துத் தரும் கெபாப். ருசியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பேச்சு அவரவர் நாக்கோடு முடிந்துவிடும். உள்ளே வைத்ததை ரொட்டி எப்படித் தாங்கிக்கொள்கிறது என்று பார்த்தால், எதைக் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது, எதைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போவது என்பது தெளிவாகும்.

மூன்றில் அதிகக் கைத்திறன் கேட்பது முர்தபாக்தான். பிசைந்த மாவை உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிப் பல மணி நேரம் ஊறவிட்டால்தான் அதன் விறைப்பு தளர்ந்து, மேசைமேல் வீசி இழுக்கும்போது கிழியாமல் மெல்லிய துணிபோல் விரியும். அந்த விரிப்பைக் கல்லில் போட்டு, முட்டை, கொத்துக்கறி, நறுக்கிய வெங்காயம் மூன்றையும் ஒரு குவளையில் அடித்துக் கலந்து நடுவில் ஊற்றி, நான்கு ஓரங்களையும் உள்நோக்கி மடித்து, சதுரமாக்கித் திருப்பிப் போடுவார்கள். உள்ளே இறுகும் முட்டை இறைச்சியையும் மாவையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவதால், வெட்டிய பிறகும் துண்டுகள் பிரிவதில்லை. அரபு நாடுகளிலும் அறியப்பட்ட இந்த உணவு, இங்கே தமிழ் முஸ்லிம்களின் கையில் கறிக்குழம்போடும் சிவப்பு வெங்காய ஊறுகாயான அச்சாரோடும் சேர்ந்தது. நெய்யின் திகட்டலை அந்தப் புளிப்பு முறிப்பதால், அச்சார் இல்லாத முர்தபாக்கை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

தரத்தை அறிய வெட்டிய பக்கத்தைப் பார்த்தால் போதும். இறைச்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெங்காயமே மிகுந்திருந்தால் அது விடும் நீரில் உள்மடிப்பு வேகாமல் கொழகொழத்துவிடும். அரைவேக்காட்டில் அடுக்கி வைத்து, கேட்கும்போது சூடு காட்டித் தருவதும் பல இடங்களில் உண்டு. அடுக்கில் இருக்கும்போதே ஆவி வேர்த்து மாவு தோல்போல் இழுபடும் என்பதால், சொன்ன பிறகு மாவை இழுக்கும் கடையில் காத்திருப்பதே நல்லது. கேம்பல் சாலையிலுள்ள ஹமீதியா 1907 முதல் இயங்கிவரும் உணவகம். பலவகைக் குழம்புகளோடு பரிமாறும் சோறான நாசி கண்டாருக்குப் பெயர் பெற்ற அங்கே முர்தபாக்கைத் தேடி வருவோரும் பலர்.

சிங்கப்பூரில் தோன்றியதாகச் சொல்லப்படும் ரொட்டி ஜானில் வேலை குறைவு. கல்லில் முட்டைக் கலவையை ஊற்றி, நீளமான மென்ரொட்டியைப் பிளந்து அதன்மேல் கவிழ்த்து அழுத்துவார்கள். முட்டை ரொட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதால் சூடாக இருக்கும்வரை அதற்கு நிகரில்லை. ஐந்தாறு துண்டுகளாக வெட்டித் தருவதால் குடும்பமாகப் பகிரவும் ஏற்றது. ஆனால் மயோனிஸும் மிளகாய் சாஸும் பாலாடைக்கட்டியும் அளவின்றி ஊற்றும் வழக்கம் பரவிவிட்டது. மூடிய பெட்டியில் வீடு சேர்வதற்குள் ரொட்டி நனைந்து போகிறது, மறுபடி சூடாக்கினாலும் தேறுவதில்லை. வாங்கும்போதே சாஸைக் குறைக்கச் சொல்லி, அங்கேயே சாப்பிட்டுவிடுவது சரி.

பீட்டாவின் பை அடுப்பிலேயே உருவாகிறது. மெல்லிதாகத் தேய்த்த மாவு 230 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டைச் சந்தித்ததும் அதிலுள்ள நீர் ஆவியாகி மேல், கீழ் அடுக்குகளைப் பிரிக்கிறது. நம் வீட்டுச் சப்பாத்தி உப்புவதும் இதனால்தான். ஆறியதும் ரொட்டி தட்டையானாலும் நடுவிலுள்ள இடைவெளி அப்படியே இருக்கும். இங்கே உள்ளடக்கத்தைப் பிணைக்க முட்டை கிடையாது, ரொட்டியின் சுவர் மட்டுமே தாங்குகிறது. எனவே சாஸ் அடியில் தேங்கினால் முதலில் கிழிவது அடிப்பக்கம். ரொட்டியை வாட்டாமல் பொட்டலத்திலிருந்து நேரே எடுத்து அடைத்தால் மடிப்பிலேயே வெடித்துவிடும். ரொட்டியை வாட்டச் சொல்லி, சாஸைத் தனியாகக் கட்டி வாங்கினால், அலுவலகத்துக்கு எடுத்துப் போக மூன்றில் இதுவே சிறந்தது.

ருசியில் என் தேர்வு ஐயமின்றி முர்தபாக். வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் வைத்தால் ஓரம் மறுபடி மொறுமொறுக்கும். நுண்ணலை அடுப்பில் வைத்தால் இறுகிப்போகும்.

மாட்டிறைச்சி உண்ணாத நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முர்தபாக் கோழி, ஆடு, மாடு, சார்டின் என வகை சொல்லியே விற்கப்படுகிறது, ஆகவே கேட்டு வாங்கலாம். ரொட்டி ஜானில் மாட்டிறைச்சிக் கொத்து மிகச் சாதாரணம் என்பதோடு, கோழி கேட்டாலும் அதே கல்லில்தான் பெரும்பாலும் சுடுவார்கள். கல்லைப் பற்றியும் விசாரிப்பது அவசியம். வெள்ளிக்கிழமை சைவம் காப்பவர்களுக்கு முட்டையை நம்பி நிற்கும் முதல் இரண்டும் உதவா. மாவு, நீர், ஈஸ்ட், உப்பு இவற்றால் ஆகும் சாதாரண பீட்டாவில், மசித்துப் பொரித்த கொண்டைக்கடலை உருண்டைகளை வெள்ளரித் துண்டுகளோடு வைத்து வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாம்.