எச்சரிக்கை: ஹீட்டிங் ஆயிலுக்கு முன்பணம் கட்டி 1,800 டாலரை இழந்த கதை

சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு நின்றுபோன, எண்ணெய் எரித்து எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் மறுபடியும் எரியத் தொடங்கியது. இன்று செவ்வாய். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று மனைவி சொன்னார். தணிந்துவிட்டால் எழுதவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டைச் சுற்றியுள்ள ஊர்களில் காப்பீட்டு நிறுவனங்களின் மென்பொருள் வேலைக்காக வந்து, அபார்ட்மென்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கும் நம்மவர்களுக்கு இது பயன்படும். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை, ஏனெனில் புகார் நிலுவையில் இருக்கிறது. எண்ணெய் விநியோகத்தையும் ஃபர்னஸ் பராமரிப்பையும் சேர்த்தே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு நிறுவனம் என்று தெரிந்துகொண்டால் போதும். வீட்டில் எண்ணெய் ஹீட்டிங் வைத்திருப்பவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு 1968இல் கட்டப்பட்டது. எங்கள் தெருவுக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வரவில்லை. வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்டின் ஒரு மூலையில் 275 கேலன் கொள்ளும் இரும்பு டேங்க்கும், அதற்கு எதிரே ஃபர்னஸும் நிற்கின்றன. லாரி வந்து வீட்டின் வெளிச்சுவரில் இருக்கும் குழாய் வழியாக எண்ணெய் நிரப்பும். டேங்கிலிருந்து மெல்லிய செப்புக் குழாயில் வரும் எண்ணெய், ஃபில்டர் ஒன்றைக் கடந்து பர்னருக்குள் போய், நாஸில் எனப்படும் சிறு பித்தளை முனையின் வழியே பனிபோலப் பீய்ச்சப்பட்டு எரிகிறது. எங்கள் நாஸில் மணிக்கு 0.85 கேலன் அளவுடையது. கடுங்குளிர் நாளில் பர்னர் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஏழு கேலன் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு எதுவும் செப்டம்பரில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டிசம்பர் முழுவதும் அவர்கள் சொன்ன சமாதானங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் இறுதியில் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாசலில் நின்று, யாரும் கேட்காமலேயே குனிந்து, பூட்ஸின் கயிற்றை நிதானமாக அவிழ்த்து, இரண்டையும் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, வெள்ளைக் காலுறையோடு உள்ளே வந்தார். ஆகஸ்டில் மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல பூட்ஸக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள வர்ற ஆள இப்பத்தாண்டா பாக்குறேன், நல்ல வளர்ப்பு" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வேறு எந்த ஆதாரத்தையும் நான் கேட்கவில்லை. அவர் பேஸ்மென்டுக்கு இறங்கினார். இருபது நிமிடத்தில் ஏறி வந்தார். வருடாந்தரச் சுத்தம் முடிந்துவிட்டது என்றும், நாஸிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டதாகவும், ஃபர்னஸ் இன்னும் பத்து ஆண்டுகள் தாங்கும் என்றும் சொல்லி, ஃபர்னஸின் பக்கவாட்டில் தேதியும் கையெழுத்தும் போட்ட அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பதாகத் தெரிவித்தார்.

அதன்பின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அம்மா போட்ட காபியை ரசித்துக் குடித்துக்கொண்டே திட்டத்தை விளக்கினார். குளிர்காலத்தில் விலை ஏறும். இப்போதே 500 கேலனுக்குப் பணம் கட்டிவிட்டால் கேலன் 3 டாலர் 10 சென்ட்டுக்கு உறுதி. ஆக 1,550 டாலர். அவசர அழைப்பும் வருடாந்தரச் சுத்தமும் அடங்கிய பராமரிப்புத் திட்டம் 250 டாலர். மொத்தம் 1,800. கடன் அட்டையில் கட்டினால் விலை கொஞ்சம் கூடும், காசோலை என்றால் இந்த விலை என்றார். நான் காசோலைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். 1,800 டாலர். எழுதும்போது பேனா எழுதவில்லை. அவரே தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். ரசீது மின்னஞ்சலில் வரும் என்றார், வந்தது: நான்கு வரி. காசோலை மறுநாளே பணமாக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர்களுடைய வேகத்தைக் குறை சொல்ல முடியாது.

அக்டோபரில் டேங்கின் அளவுகாட்டி பாதிக்குச் சற்று மேலே நின்றது. முந்தைய வீட்டுக்காரர் விட்டுச்சென்ற எண்ணெய் அது. நவம்பர் நடுவில் அழைத்தபோது, வியாழக்கிழமை உங்கள் பகுதிக்கு லாரி வருகிறது என்றார்கள். வியாழன் வந்தது, லாரி வரவில்லை. அடுத்த வாரம் கேட்டபோது லாரி பழுது. அதற்கடுத்த வாரம், உங்கள் டேங்கில் இன்னும் கால்வாசி இருக்கிறதே, முழுவதும் தீர்ந்தவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டாமா என்று, ஏதோ நான் பிறர் பங்கைப் பிடுங்க வந்தவன்போல ஒரு பெண்மணி எனக்கு நியாயம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். டிசம்பர் பத்தாம் தேதிவாக்கில் அழைத்தபோது, உங்கள் கணக்கு தானாக நிரப்பும் வகையில் இல்லை, நீங்களாக அழைத்துக் கேட்கும் வகையில் இருக்கிறது, அதனால்தான் தாமதம் என்றார்கள். இத்தனை நாளும் நான் அழைத்துத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். மேலாளரிடம் சொல்கிறோம் என்றார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. என்னுடைய 1,800 டாலருக்கு அதுவரை ஒரு சொட்டு எண்ணெய்கூட வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் என் தவற்றையும் சொல்ல வேண்டும். வேறொரு நிறுவனத்திடம் நூறு கேலன் வாங்கியிருக்கலாம். ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே, இரண்டாவது முறை ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கணக்கில் நாள் கடத்தினேன்.

சனிக்கிழமை இரவு வெளியே 5 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் மைனஸ் 15. அளவுகாட்டியின் மிதவை கண்ணாடிக் குப்பியின் அடியில் படுத்துவிட்டது. ஃபர்னஸ் நின்றதும், ரசீதில் இருந்த இருபத்துநான்கு மணி நேர அவசர எண்ணை அழைத்தேன். எடுத்தவர் நிறுவனத்தின் ஆள் அல்லர், அழைப்புகளைப் பதிவுசெய்யும் கூலிச் சேவை ஒன்றின் ஊழியர். பர்னரின் மேல் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன், முக்கால் நிமிடம் உறுமிவிட்டு நின்றது. மறுபடி அழுத்துங்கள் என்றார். இப்படி நான்கு முறை. நான்காவது முறை எண்ணெய் நெடி மாடிவரை ஏறியது. தொழில்நுட்பர் ஒரு மணி நேரத்தில் அழைப்பார் என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு மணிக்கு நானே மறுபடி அழைத்தேன். உங்கள் பெயரில் பராமரிப்புத் திட்டம் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. 250 டாலர் அந்தத் திட்டத்துக்குத்தானே கொடுத்தேன்? அது அலுவலக நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியாம். விடியும்போது தெர்மோஸ்டாட் 49 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மின்சார அடுப்பின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழாய்கள் உறைந்து வெடித்துவிடாமல் இருக்க எல்லா நீர்க்குழாய்களையும் சொட்டவிட்டிருந்தேன். இரவெல்லாம் அந்தச் சொட்டுச் சத்தம்தான்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். ஹீட்டிங் ஆயிலும் டீசலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. சாலை வரி இல்லாதது என்று அடையாளம் தெரிவதற்காக ஹீட்டிங் ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள், அவ்வளவே. பெட்ரோல் நிலையத்தில் இரண்டு மஞ்சள் கேன்களில் பத்து கேலன் டீசல் வாங்கி வந்து வெளிக்குழாயில் ஊற்றினேன். அவரே தமக்குத் தெரிந்த வேறொரு நிறுவனத்தின் தொழில்நுட்பரையும் வரவழைத்தார். வந்த இளைஞர், பொத்தானை எத்தனை முறை அழுத்தினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நான்கு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே சேர்கிறது. ஐந்தாவது முறை பற்றியிருந்தால் மொத்தமாக வெடித்து எரிந்து, வீடு முழுக்கப் புகைக்கரி படிந்திருக்கும் என்றார். ஒரு முறைக்கு மேல் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாதாம்.

அதன்பின் அவர் ஃபில்டரின் குடுவையைக் கழற்றினார். அதன் வெளிப்புறத்தில் கறுப்பு மையில் ஒரு தேதி எழுதியிருந்தது. ஃபில்டரை மாற்றுகிறவர்கள் அப்படி எழுதிவைப்பது வழக்கமாம். மூன்றரை ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. உள்ளே இருந்த ஃபில்டர், தார் ஊற்றிய பஞ்சுபோல இருந்தது. டேங்கில் எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனதும், அங்கே படிந்திருந்த கசடு கிளம்பி, ஏற்கெனவே அடைபட்டிருந்த ஃபில்டரை முழுதாக மூடிவிட்டது. நாஸிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனையில் கரி கட்டிப்போயிருந்தது. பிறகு புகைக்குழாயைப் பிரித்து, வாக்யூம் வைத்து இரண்டு மணி நேரம் சுத்தம் செய்தார். முடித்தபோது அவருடைய முழங்கைவரை கறுப்பு, மூக்கு நுனி கறுப்பு, அவர் நின்ற தரையில் காலடிகளும் கறுப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செப்டம்பரில் பூட்ஸைக் கழற்றிவிட்டு பேஸ்மென்டுக்கு இறங்கிய மனிதர், இருபது நிமிடம் கழித்து மேலே வந்து, அதே வெள்ளைக் காலுறையோடு என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தார். காலுறையில் ஒரு கறைகூட இல்லை. தொங்கவிட்ட அட்டையைப் போய்ப் பார்த்தேன்: தேதியும் கையெழுத்தும் மட்டும் இருந்தன. கார்பன் டை ஆக்சைடு, புகை, இழுவை, புகைபோக்கி வெப்பம் என்ற கட்டங்கள் அனைத்தும் காலியாகக் கிடந்தன. புதிய இளைஞர் கருவியை வைத்து அளந்து, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி, செயல்திறன் 83 சதவீதம் என்று எழுதிவிட்டுப் போனார். அவருக்கு 465 டாலர் கொடுத்தேன். அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அந்த 1,800 டாலரைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அழைத்தேன். ஆச்சரியமாக, எடுத்தார்கள். நிலுவையில் உள்ள விநியோகங்கள் மறுபரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முன்பணம் திருப்பித் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றார்கள். எந்த ஒப்பந்தம்? என்னிடம் இருப்பது நான்கு வரி மின்னஞ்சல். அனுப்பிவைக்கிறோம் என்றார்கள், இந்த நிமிடம்வரை வரவில்லை. மதியத்துக்கு மேல் அழைத்தால், குரல் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்ற பதிவுதான் ஒலிக்கிறது.

மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் நேற்று மாலை புகார் பதிவுசெய்தேன். அதற்காகப் படித்தபோதுதான் தெரிந்தது: கனெக்டிகட்டில் ஹீட்டிங் ஆயில் விற்பவர்கள் அந்தத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பணம் வாங்கி விலையை உறுதிசெய்யும் வியாபாரி எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் தர வேண்டும். வாங்கிய பணத்துக்கு எண்ணெய் கிடைக்கும் என்பதற்கு ஈடாக முன்கொள்முதல் ஒப்பந்தமோ பிணைப்பத்திரமோ வைத்திருக்கவும் வேண்டும். காபி கொடுப்பதற்குமுன் இவற்றைப் படிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். காசோலை என்பதால் வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், சரக்கு வரவில்லை என்று அந்த 1,800 டாலரை மறுத்து முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். அட்டைக்கு விலை கூடும் என்று அவர் சொன்னது எதற்காக என்று இப்போது விளங்குகிறது.

கடைசியில் விரிவாகச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதற்கு இப்போது பொறுமை இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்கு முன்பணம் கட்டாதீர்கள். கட்டியே தீர வேண்டுமென்றால் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள். ஃபர்னஸைச் சுத்தம் செய்ய வருபவரோடு நீங்களும் பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். கழற்றிய பழைய நாஸிலையும் ஃபில்டரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃபர்னஸில் தொங்கவிடும் அட்டையில் எண்கள் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை. டேங்க் கால்வாசிக்கு வந்ததும், யாருக்குப் பணம் கட்டியிருந்தாலும், வேறு எவரிடமாவது வாங்கி நிரப்பிவிடுங்கள். சிவப்புப் பொத்தான் ஒரே ஒரு முறை. கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எங்கள் பகுதியில் கடந்த செப்டம்பரில் யாராவது வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, 500 கேலன் திட்டம் பேசிக் காசோலை வாங்கிப் போயிருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தனித்தனியாக அழைப்பதைவிட, நாலு பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் கேட்பார்கள் என்று அந்த இளைஞர் சொன்னார். டேங்கில் இப்போது நூறு கேலன் இருக்கிறது, வேறு நிறுவனத்திடம் வாங்கியது. இதே குளிர் நீடித்தால் இரண்டு வாரத்துக்குத்தான் வரும்.