ஹெல்மெட் வைசரில் ஆவி படிகிறதா? சோப்பு, ஸ்ப்ரே, பின்லாக்: எது எங்கே கைவிடும்?

மழையில் வைசரைத் திறந்தால் முகத்தில் சாரல் அறைகிறது. மூடினால் நாலே மூச்சில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. இந்தத் தொல்லைக்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் ஏராளம். பாத்திரம் கழுவும் சோப்பில் தொடங்கி, மின்சாரத்தில் சூடாகும் வைசர் வரை போகிறது பட்டியல். இவற்றில் சுத்த மோசடி என்று தள்ளக்கூடியவை குறைவு. பெரும்பாலானவை ஓரளவு வேலை செய்யும். ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் நம்மைக் கைவிடும் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்கினால் காசு வீணாகாது.

முதலில் ஆவி ஏன் படிகிறது என்று பார்த்துவிடலாம். நாம் வெளியே விடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஈரம் முழுக்க நிறைந்த காற்றாக வருகிறது. அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றுக்குள் சுமார் 37 கிராம் நீராவி அடங்கும். அதே காற்று 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராம் அளவுக்குத்தான் இடம் இருக்கும். குளிர்ந்த வைசரில் மூச்சு பட்டதும் மிச்சமுள்ள நீர் பொடிப் பொடித் துளிகளாக அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. குளிர்ப் பிரதேசத்தில்தான் இது நடக்கும் என்றில்லை. மழையில் நனைந்த வைசர் 25 டிகிரியில் இருந்தாலும் அங்கே 23 கிராமுக்குத்தான் இடம்.

தண்ணீர் படிவதே பிரச்சினை இல்லை. ஒரே சீராகப் பரவிய தண்ணீருக்குள் பார்வை தடையில்லாமல் போகும். தனித்தனித் துளிகளாக நிற்கும்போதுதான் ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு திசையில் சிதறடிக்கிறது. ஆக, செய்யக்கூடியது மூன்றே மூன்று: ஈரக் காற்றை வைசரிடமிருந்து விலக்குவது, வைசரின் உட்பக்கத்தைக் குளிராமல் காப்பது, படிகிற நீரைத் துளியாக நிற்கவிடாமல் படலமாகப் பரப்புவது அல்லது உறிஞ்சிவிடுவது. கடையில் எந்தப் பெயரில் விற்றாலும் இந்த மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோ அடங்கிவிடும்.

காற்றை ஓடவிடுவது

காசில்லாத வழி இது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை இதைவிடச் சிறந்த வழியும் இல்லை. வைசரை முதல் படிக்கு மட்டும் தூக்கி வைத்தால் உள்ளே நுழையும் காற்று சில விநாடிகளில் மங்கலைத் துடைத்துவிடும். தாடைப் பக்கத்து வென்ட்டையும், அதாவது காற்றுத் துளையையும், தலைமேல் இருக்கும் வென்ட்டையும் சேர்த்துத் திறக்க வேண்டும். உள்ளே வந்த காற்று பின்பக்கமாக வெளியேற வழி இருந்தால்தான் ஓட்டம் இருக்கும். சில ஹெல்மெட்டுகளில் தாடை வென்ட்டின் காற்று வாய்க்கு நேராக வரும், சிலவற்றில் வைசரின் உட்பக்கமாக மேலே ஏறும். நமக்கு வேண்டியது இரண்டாவது. வாங்கும்போது விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் அந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

வண்டி நின்றால் இது முடிந்தது. சிக்னலில் காற்று ஓட்டமே இல்லை, மூச்சு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கனமழையில் வைசரின் இடுக்கு வழியாக நீர் உள்ளே கசிந்து, உட்பக்கம் கோடு கோடாக வழியும். அது ஆவியைவிட மோசம். அதனால் மூடிய வைசரோடு நிற்க வேண்டியிருக்கும் நகர நெரிசலுக்கு வென்ட்டை மட்டும் நம்ப முடியாது.

தாடைக்குக் கீழே மாட்டும் துணித் தடுப்பு, அதாவது சின் கர்ட்டன், காற்றிரைச்சலைக் குறைக்கும். கூடவே மூச்சு வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். மழை நாளில் அதைக் கழற்றிவிடலாம். அப்புறம், நேற்று நனைந்த உள்மெத்தையைக் காயவைக்காமல் இன்றைக்கு மாட்டிக்கொண்டால் மூச்சோடு சேர்ந்து மெத்தையும் ஆவி விடும். எந்த ஸ்ப்ரேயாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

சோப்பும் ஸ்ப்ரேயும்

இவை இரண்டும் ஒரே குடும்பம். சோப்பு, பேபி ஷாம்பு, ஷேவிங் ஃபோம், ஆன்டி ஃபாக் ஸ்ப்ரே எல்லாமே நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளியாக நிற்க வேண்டிய நீரைப் படலமாகப் படுக்கவைக்கின்றன. ஒரு சொட்டை எடுத்து, சுத்தமான வைசரின் உட்பக்கம் விரலால் மெல்லத் தடவி, காயவிட்டு, மெத்தென்ற துணியால் தெளிவாகும்வரை துடைக்க வேண்டும். கழுவிவிடக் கூடாது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலம்தான் வேலை செய்கிறது.

சோப்பின் ஆயுள் ஒரு பயணம். வழியில் ஒருமுறை கை வைத்துத் துடைத்தால் அதுவும் போச்சு. அதிகம் பூசினால் இன்னொரு வம்பு: ஈரம் சேரச் சேரக் கலங்கலாக வழியும், வியர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கினால் எரியும். வண்டி ஓட்டும்போது கண் எரிவது ஆவி படிவதைவிட ஆபத்து. சோப்புதான் என்று முடிவு செய்தால், கண்ணை உறுத்தாத பேபி ஷாம்பு நல்லது.

ஸ்ப்ரே கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். பூசுவதும் சீராக அமையும். அவ்வளவுதான் வித்தியாசம். அவசரத்துக்குச் சோப்பு, மழைக்காலம் முழுக்க அடிக்கடி பூசப் பொறுமை உள்ளவருக்கு ஸ்ப்ரே என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்ப்ரே வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். வைசர் கண்ணாடி அல்ல, பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். காரின் கண்ணாடிக்கென்று வரும் சில திரவங்களில் ஆல்கஹாலோ அமோனியாவோ இருக்கும். அவை பாலிகார்பனேட்டில் முடிபோன்ற நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கலாம், அதன் உறுதியையும் குறைக்கலாம். பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று புட்டியில் எழுதியிருந்தால் மட்டும் பூசுங்கள்.

உள்ளே பூசுவதையும் வெளியே பூசுவதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மழைநீர் உருண்டு ஓட வெளிப்பக்கம் பூசும் பூச்சு நீரை விலக்குவது. உட்பக்கம் நமக்கு வேண்டியது நீரை விரித்துப் படுக்கவைப்பது. இரண்டும் நேர் எதிர். நீரை விலக்கும் பூச்சை உள்ளே தடவினால் துளிகள் இன்னும் உருண்டையாக நின்று பார்வையை இன்னும் கெடுக்கும்.

பற்பசை தேய்க்கச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. வேண்டவே வேண்டாம். பற்பசையில் தேய்க்கும் பொடி இருக்கிறது. அது போடும் கீறல்கள் பகலில் தெரியாது. இரவில் எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரியும்.

ஆலைப்பூச்சு

‘ஆன்டி ஃபாக்’ என்று எழுதி வரும் வைசர்களில் ஆலையிலேயே உட்பக்கம் பூச்சு இருக்கும். தினமும் பூச வேண்டியதில்லை என்பது இதன் வசதி. எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஹெல்மெட் விதியின் முந்தைய பதிப்பான ஈசிஇ 22.05-இல் இதற்கென்று ஒரு சோதனை இருந்தது. கட்டாயமாக இருக்கவில்லை, விரும்பிய நிறுவனங்கள் உட்படுத்திக்கொள்ளலாம். 50 டிகிரி வெந்நீரின் ஆவியில் வைசரைப் பிடிப்பார்கள். 20 விநாடிக்குள் அது மங்கிவிடாமல் இருந்தால் தேர்ச்சி. கடுமையான சோதனைதான். ஆனாலும் பூச்சு ஆவியை ஒழிப்பதில்லை, தள்ளிப்போடுகிறது என்பது அந்தச் சோதனையின் அமைப்பிலேயே தெரிகிறது. துடைக்கத் துடைக்கத் தேயவும் செய்யும். நான் இதை ஒரு கூடுதல் வசதியாக மட்டும் பார்ப்பேன். இதற்காக விலை உயர்ந்த வைசருக்குப் போக மாட்டேன்.

பின்லாக்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட ஒரு படி மேலே நிற்பது இதுதான். வைசரின் உட்பக்கம் மாட்டும் இன்னொரு மெல்லிய தகடு. அதன் விளிம்பைச் சுற்றி சிலிக்கோன் வரம்பு ஓடும். வைசரில் இரண்டு பக்கமும் இருக்கும் சிறு முளைகளில் தகட்டை மாட்டினால் வரம்பு வைசரோடு அழுந்தி, நடுவே காற்று சிறைப்படும். காற்று வெப்பத்தைக் கடத்துவது பாலிகார்பனேட்டைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அதனால் அந்த மெல்லிய இடைவெளி ஒன்றே வைசரைப் பல மடங்கு தடிமனாக்கியதற்குச் சமம். வெளி வைசர் குளிர்ந்தாலும் உள் தகடு முகத்தின் வெப்பத்தால் அவ்வளவாகக் குளிராது. கூடவே தகட்டின் பொருள் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும். மூன்று வழிகளில் இரண்டை ஒரே பொருள் செய்கிறது. வண்டி நின்றாலும் இதன் வேலை நிற்பதில்லை, வென்ட்டால் முடியாதது அதுதான்.

30, 70, 120 என்று தரங்கள் உண்டு. எண் கூடக்கூட ஈரத்தைத் தாங்கும் திறன் கூடும். மழையில் எப்போதாவது போகிறவருக்கு 70 போதும். குளிரிலும் மழையிலும் அன்றாடம் ஓட்டுகிறவர் 120 பக்கம் போகலாம்.

‘பின்லாக் போட்டும் ஆவி படிகிறது’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு மாட்டிய விதத்தில்தான் கோளாறு இருக்கும். ஆவி எந்தப் பக்கம் படிகிறது என்று முதலில் பாருங்கள். வைசருக்கும் தகட்டுக்கும் நடுவே என்றால் சிலிக்கோன் வரம்பு எங்கோ சரியாக ஒட்டவில்லை. வெளிக்காற்று உள்ளே போகிறது. முளைகள் பெரும்பாலும் மையம் விலகியவை. அவற்றைக் கொஞ்சம் திருப்பினால் தகடு இறுகும் அல்லது தளரும். வரம்பு முழு நீளத்துக்கும் வைசரைத் தொடும் அளவுக்கு இறுக்கினால் போதும்; மேலும் இறுக்கினால் தகடு நெளிந்துவிடும். வைசரைக் கழற்றி, இரு கைகளாலும் விரித்துத் தட்டையாக்கிக்கொண்டு மாட்டினால் தகடு தானாக உட்காரும். நடுவே மழைநீரே புகுந்திருந்தால் வைசரின் மேல் ரப்பர் தேய்ந்திருக்கலாம். அது பின்லாக்கின் குற்றம் அல்ல.

குறைகளும் உண்டு. இரவில் எதிர் வண்டியின் விளக்கு சிலருக்கு இரட்டையாகத் தெரியும். தகட்டின் விளிம்பு பார்வைக்குள் வரும் மாடல்களில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது ஒரு கோடு உறுத்தும். தகடு மென்மையானது, காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறிவிடும்; மிதமான சோப்பு நீரில் அலசி நிழலில் காயவிடுவதே பராமரிப்பு. அதன்மேல் ஆன்டி ஃபாக் ஸ்ப்ரே அடிப்பது வீண், உறிஞ்ச வேண்டிய பரப்பை நாமே மூடிவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, வைசரில் முளைகள் இருந்தால்தான் இது பொருந்தும். இல்லாத வைசரில் நாமே துளை போடுவது தகாது, மோதலின்போது அந்தத் துளையில் வெடிப்பு தொடங்கலாம்.

முளை இல்லாத வைசருக்கு ஒட்டும் வகைத் தகடு கிடைக்கிறது. கொள்கை அதேதான். ஒரே முயற்சியில் நேராக ஒட்ட வேண்டும் என்பதுதான் சிக்கல். கோணலாக ஒட்டினால் கோணலாகவே இருக்கும். பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பசையைத் தின்னர் கொண்டு துடைத்தால் வைசரும் கெடும். புது ஹெல்மெட் வாங்கும் எண்ணம் இருந்தால் இதற்குச் செலவழிக்காமல், முளை உள்ள வைசரோடு வரும் ஹெல்மெட்டாகப் பார்ப்பது மேல்.

மின்சாரத்தில் சூடாகும் வைசர் பனிச்சறுக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கானது. வண்டியின் 12 வோல்ட் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து வைசரைச் சூடாக்குவார்கள். உறைநிலைக்குக் கீழே மூச்சு பனிக்கட்டியாகவே ஒட்டும் இடத்தில் இதற்கு மாற்று குறைவு. மற்றவர்களுக்கு இது தேவையில்லாத ஒயர்.

மூச்சை மடைமாற்றுவது

பேச்சில் அதிகம் அடிபடாத வழி இது. மூக்கின் மேல் பொருந்தி, மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் சிறு தடுப்பு. பிரெத் கார்டு என்பார்கள். சில ஹெல்மெட்டுகளோடு பெட்டியிலேயே வரும், பலர் அதை வெளியே எடுப்பதே இல்லை. ஈரத்தை மூலத்திலேயே தடுப்பதால் வண்டி நின்றாலும் பலன் உண்டு. விலையும் குறைவு. மூக்கின் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும் என்பதே நிபந்தனை. இடைவெளி இருந்தால் மூச்சு முழுக்க அந்த வழியாகவே மேலே பீறிடும். கொரோனா காலத்தில் முகக்கவசமும் மூக்குக் கண்ணாடியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஹெல்மெட் மாட்டுகிறவர்களுக்கு ஆவி கூடுதலாகப் படிவதும் இதனால்தான்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், பின்லாக்கை முதலில் வைக்கும் என் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். வைசரில் ஆவி படியாமல் பின்லாக் காத்தாலும், அதற்குப் பின்னால் இருக்கும் மூக்குக் கண்ணாடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வைசர் தெளிவாக இருக்க, கண்ணாடி மட்டும் மங்கும். ஓடும்போது வைசரைத் திறந்து காற்று வாங்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வண்டியை நிறுத்தியாக வேண்டும். எனவே அவர்களுக்கு முதல் செலவு பிரெத் கார்டு. அடுத்தது லென்ஸுக்கென்று விற்கும் ஆன்டி ஃபாக் திரவம், லென்ஸின் பூச்சுக்கு ஒத்துப்போகுமா என்று கண்ணாடிக் கடையில் கேட்டுக்கொண்டு வாங்கலாம். பின்லாக்கை மூன்றாவதாக வைத்துக்கொண்டால் போதும்.