நாணயம் பிரிக்க எந்தக் காந்தம்?

வீட்டில் அப்பா காலத்துச் சில்லறை ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஆண்டைப் பார்த்துப் பிரிக்க உட்கார்ந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயும் கால் டின்கூட முடியவில்லை. அப்புறம்தான் காந்தத்துக்கு வந்தேன். மூன்று வகைக் காந்தங்களை வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்: சில்லறையைப் பிரிக்க, இருப்பதிலேயே வலுவான காந்தம் தேவையில்லை. வெள்ளியைச் சோதிக்கும்போது மட்டும் அது இல்லாமல் முடியாது.

முதலில் எது ஒட்டும், எது ஒட்டாது என்று பார்த்துவிடுவோம். 1988 முதல் வந்த ஸ்டீல் 10, 25, 50 பைசாக்கள், 1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் எல்லாம் பட்டென்று ஒட்டும். அது இரும்பும் குரோமியமும் கலந்த ஸ்டீல். 1992 முதல் 2004 வரை வந்த பதினொரு பக்க இரண்டு ரூபாய் ஒட்டாது. அதில் செம்பு 75%, நிக்கல் 25%. பழைய தடித்த ஐந்து ரூபாயும் அப்படியே. ஒன்று, இரண்டு, மூன்று பைசா அலுமினியக் காசுகள் அசையவே அசையாது.

இதை வைத்து 'ஒட்டினால் புதுசு, ஒட்டாவிட்டால் பழசு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 1946, 1947-இல் வந்த அரை ரூபாய், கால் ரூபாய், புலி போட்ட 1947 ஒரு ரூபாய் எல்லாம் சுத்த நிக்கல். குடியரசான பிறகு 1950-இல் வந்த ஒரு ரூபாயும் நிக்கல்தான். சுத்த நிக்கலைக் காந்தம் இழுக்கும்; முக்கால் பங்கு செம்பு சேர்ந்துவிட்டால் இழுக்காது. இது தெரியாமல், ஒட்டியதையெல்லாம் சாதாரணச் சில்லறை என்று ஒதுக்கினால் நல்ல காசுகளும் அதோடு போய்விடும்.

இனி காந்தங்கள். பழைய ஸ்பீக்கருக்குப் பின்னால் கறுப்பாக, வளையமாக இருக்குமே, அது ஃபெரைட். பழைய இரும்புக் கடையில் கெட்டுப்போன ஸ்பீக்கராகவே கிடைக்கும். குவியலைப் பிரிக்க என் கை போவது இதற்குத்தான். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, டப்பாவின் அடிப்பக்கத்தால் காசுகளை மெல்லத் தடவுங்கள். ஸ்டீல் காசுகள் கொத்தாக ஏறிக்கொள்ளும். வேறு தட்டுக்குக் கொண்டுபோய், உள்ளே இருக்கும் காந்தத்தை மேலே தூக்கினால் எல்லாம் உதிர்ந்துவிடும். இழுப்பு மிதமாக இருப்பதால் காசில் கீறலும் விழாது. ஒரே ஒரு குறை: நிக்கலின் ஈர்ப்பு இரும்பை விடக் குறைவு என்பதால், டப்பாவின் கனத்தைத் தாண்டி சில நிக்கல் காசுகள் ஏறாமல் தங்கிவிடும். மிச்சக் குவியலை டப்பா இல்லாமல் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

பள்ளி ஆய்வகத்தில் பார்த்த சிவப்பு லாடக் காந்தம் பெரும்பாலும் அல்நிகோ. வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் அது இங்கே நமக்கு உதவாது. முனைகளுக்குக் குறுக்கே இரும்புத் துண்டு வைக்காமல் போட்டு வைத்தால் நாளாக நாளாக வலு குறையும். இந்த வேலைக்காக இதைத் தேடிப் போக வேண்டாம்.

அடுத்தது நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்துச் செய்த காந்தம். 1980-களில் வந்தது. அதே அளவு ஃபெரைட்டைப் போலச் சுமார் பத்து மடங்கு காந்த ஆற்றல் கொண்டது. கடையில் N35, N52 என்று வலுவின் தரத்தைச் சொல்லிக் கேட்டால் தருவார்கள். எண் கூடக் கூட வலு கூடும். கழித்துப் போட்ட ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தால் பிறை வடிவில் இரண்டு கிடைக்கும். இதைக் குவியலுக்குள் விட்டுத்தான் கற்றுக்கொண்டேன்: காசுகள் பாய்ந்து வந்து மோதின, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்தாகிப் பிடித்துக்கொண்டன, பிரிப்பதற்குள் நகம் வலித்தது. ஒரு நல்ல நிக்கல் அரை ரூபாயின் முகத்தில் கீறலும் விழுந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆனால் வெள்ளி என்று வந்துவிட்டால் நியோடிமியம்தான். வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் அது வெள்ளி இல்லை, அவ்வளவு சுலபம். ஒட்டாததெல்லாம் வெள்ளியா என்பதுதான் சிக்கல்; செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த, பெயரில் மட்டும் வெள்ளியான ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. அதற்கு, பட்டைக் காந்தங்களை ஒரு சாய்வுப் பலகையில் வரிசையாகப் பதித்து, மேலே வழவழப்பான தாளை ஒட்டி, காசைச் சறுக்க விட வேண்டும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் காந்தப் புலத்துக்குள் நகரும்போது அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி, நகர்வைத் தடுக்கும். விக்டோரியா ராணி ரூபாயில் வெள்ளி 91.7%, அது தயங்கித் தயங்கி இறங்கும். ஜெர்மன் சில்வர் விடுவிடுவென்று ஓடிவிடும். ஃபெரைட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. செம்பும் அலுமினியமும்கூட மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அவற்றை நிறமும் எடையும் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நியோடிமியத்தைப் பூட்டி வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலின் சுவர்களை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்; அறுவை சிகிச்சை வரை போகும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.