புது லேப்டாப்பைக் கடையில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்

71,200 ரூபாய். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். இதில் 50,000 அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது, மிச்சம் நான் சம்பளத்தில் பிடித்து வைத்தது. வாங்கி இன்று பதினெட்டாவது நாள். முழு விவரமும் இன்று மதியம்தான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடைப் பெயர் போட மாட்டேன். வாசலில் பெரிய கேமிங் பேனர் தொங்கும், பல பிராண்டு லேப்டாப் விற்கும் கடை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப் உள்ள மாடல், 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), விலை 68,000. "எட்டு ஜிபி பத்தாது தம்பி, இன்னொரு எட்டு போட்டுக்கங்க, 3,200தான்" என்றார் கடைக்காரர். அது பொய் இல்லை. ஒரே ராம் இருப்பதைவிட இரண்டாகப் போட்டால் கேம் நன்றாகவே ஓடும். அந்த ஒன்றைச் சரியாகச் சொன்னதால்தான் மற்றதை எல்லாம் நம்பினேன். பையனை அனுப்பி டீ வாங்கித் தந்தார். பெட்டியை என் கண் முன்னால்தான் பிரித்தார், லேப்டாப்பை எடுத்துக் காட்டினார். சார்ஜர் இருந்த சின்ன அட்டைப் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"பில் போட்டா ஜிஎஸ்டி பதினெட்டு பர்சென்ட் கூட வரும் தம்பி. எஸ்டிமேட் போதும்ல?" மனக்கணக்குப் போட்டேன், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். தலையாட்டிவிட்டேன். பெட்டியில் அச்சடித்த விலையே எல்லா வரியும் சேர்ந்ததுதான் என்பது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை.

அப்புறம்தான் அந்த வார்த்தை. "ராம் போட்டு, அப்டேட் முடிச்சுத் தர ஒரு மணி நேரம் ஆகும். நம்ம தம்பி வீட்டுக்குப் போற பொருள், அவசரப்பட்டுச் செய்யக் கூடாதுல்ல. போய்ச் சாப்பிட்டு வாங்க." ராம் போடப் பத்து நிமிடம் போதும் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எதிர் ஹோட்டலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் இலவசப் பைக்குள் போய் ஜிப் போட்டுத் தயாராக இருந்தது.

அன்றிரவு ஜிடிஏ 5 கேம் போட்டேன். முதல் இரண்டு நிமிடம் 70 எஃப்பிஎஸ் (நொடிக்கு 70 படம்), வெண்ணெய் மாதிரி. மூன்றாவது நிமிடம் 19. காரைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். பவர் மோடை மாற்றினேன். கேம் 3050-ல் ஓடாமல், பிராசஸரோடு வரும் சாதாரண இன்டெல் கிராபிக்ஸில் ஓடுகிறதோ என்று பார்த்தேன், இல்லை. இந்த 3050 என்ற பெயரிலேயே 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 80 வாட்டில் ஓடுவதும் உண்டு, நமக்கு வாய்த்தது சோப்ளாங்கி போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்று ராத்திரி தூக்கம் போனது. இதற்கு நடுவில், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் திரை மூலையில், முழு வேகம் வேண்டுமானால் அதிகத் திறன் உள்ள சார்ஜரைச் செருகவும் என்று ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. கடைக்கு போன் செய்தேன். "அது எல்லா லேப்டாப்லயும் வரும் சார், குளோஸ் பண்ணிடுங்க." விற்கும்போது தம்பி, போனில் சார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுபடி போனேன். "கேம் ஆடினா சூடாகத்தான் செய்யும், கூலிங் பேட் போடுங்க, நம்மகிட்டயே இருக்கு." 900 ரூபாய். வாங்கினேன். ஆமாம், வாங்கினேன், சிரிக்காதீர்கள். 71,200 போய் 72,100 ஆனது. அடுத்த முறை போனால் டெக்னீஷியன் லீவு, செவ்வாய்க்கிழமை வாங்க. செவ்வாய்க்கிழமை முதலாளி வெளியூர். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது.

உண்மையைக் காட்டியது ஆபீஸ் நண்பரின் லேப்டாப். அதே மாடல். அவர் சார்ஜரை மேசையில் வைத்தபோதே சத்தம் வேறு மாதிரி கேட்டது. செங்கல் கனம். என்னுடையது குளியல் சோப்பு அளவு. போன் டார்ச்சை அடித்துப் பொடி எழுத்தைப் படித்தோம். அவருடையதில் 19.5 வோல்ட், 7.7 ஆம்பியர், 150 வாட். என்னுடையதில் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், 65 வாட். அதே பிராண்டு, அதே பின், அதே கறுப்பு. என் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 7.7 ஆம்பியர் என்றுதான் அச்சடித்திருக்கிறது. இத்தனை நாளும் சார்ஜர் செருகியிருக்கும்போதே கேம் ஆடினால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி 100-லிருந்து 74-க்கு இறங்கியது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. சார்ஜர் தரும் மின்சாரம் பத்தாமல் பேட்டரியையும் உறிஞ்சியிருக்கிறது, அதுவும் பத்தாமல் கிராபிக்ஸை 20 வாட்டுக்குக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது. நண்பர் சார்ஜரைச் செருகினோம். 70 எஃப்பிஎஸ், அரை மணி நேரம் ஆடியும் இறங்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அந்த 65 வாட்டைக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தேன். "நீங்களே மாத்திக் கொண்டு வந்தீங்களான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" வாய் அடைத்துப்போனது. நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் ரொம்பப் பரிவாக ஒன்று சொன்னார்: "ஒரிஜினல் 150 வாட் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு சார். உங்களுக்காக 4,200-க்குத் தரேன்." பிரிக்காத அட்டைப் பெட்டியா, பிரித்த பெட்டியா என்று கேட்டேன். பதில் இல்லை. என் சார்ஜரை எனக்கே விற்கப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று மதியம் கம்பெனி சர்வீஸ் சென்டர். திறந்து பார்த்தார்கள். 3,200 ரூபாய் ராம் பழசு, ஸ்டிக்கர் பாதி சுரண்டியிருக்கிறது, வேகம் 2667. லேப்டாப்போடு வந்த, 3200 வேகம் உள்ள ராமையும் அது தன் வேகத்துக்கு இழுத்துவிட்டது. சீரியல் நம்பரைத் தட்டினால் வாரண்டி ஏழு மாதம் முன்பே தொடங்கியிருக்கிறது. பில் காட்டினால் தேதியை மாற்றித் தரலாம் என்றார்கள். என் கையில் இருப்பது "லேப்டாப் 1, ராம் 1, 71,200" என்று பென்சிலில் கிறுக்கிய துண்டுச்சீட்டு.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பு இல்லை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். சார்ஜர் வாட்டையும் லேப்டாப் அடியில் உள்ள எண்ணையும் கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ராம் போட்டால் பக்கத்தில் நின்று பாருங்கள், விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ராம் வேகத்தைப் பாருங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி தேதி பாருங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

1915-ல் பதிந்துவிட்டேன். பணம் யுபிஐயில் போனதால் அந்த ஆதாரமாவது இருக்கிறது. யாரிடமாவது 19.5 வோல்ட் 150 வாட் ஒரிஜினல் சார்ஜர் உபரியாக இருந்தால் சொல்லுங்கள், நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். அந்த 4,200-க்கு மட்டும் வாங்குவதாக இல்லை.