ஓ.ஏ.டி.யில் 300 வாங்கியவர் இப்போதே விண்ணப்பிப்பதா, மறுபடி எழுதுவதா?

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனை, பார்வைப் பராமரிப்புக்கான தொழிற்படிப்பு, படிக்க நினைப்பவர்கள் எழுதும் ஓ.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் 200-இல் தொடங்கி 400-இல் முடிகிறது. 300 என்றால் நட்டநடு. ஒரு வகுப்பில் சேர்ந்த மாணவர்களின் சராசரியைப் பார்த்தால் பெரும்பாலான கல்லூரிகளில் 300-க்கும் 340-க்கும் இடையே எங்கேயோ நிற்கும். ஆக 290, 300, 310 வாங்கியவருக்குக் கதவு மூடியும் இல்லை, அகலத் திறந்தும் இல்லை. முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: இதே மதிப்பெண்ணோடு உடனே விண்ணப்பிப்பது, மறுபடி தேர்வெழுதி அதன்பின் விண்ணப்பிப்பது, ஒரு வருடம் தள்ளிப்போட்டு எல்லாவற்றையும் பலப்படுத்திக்கொண்டு வருவது.

கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ‘மறுபடி எழுது’ என்ற பதில்தான் கிடைக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது. காரணம், சேர்க்கை நடக்கும் விதம். ஆப்டம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் ஜூலை வாக்கில் திறக்கும். பெரும்பாலான கல்லூரிகள் கடைசித் தேதிவரை காத்திருந்து தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் வர வர நேர்காணலுக்கு அழைத்து, இடத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள். ஆகஸ்டில் 300 மதிப்பெண்ணோடு வரும் கோப்புக்கு முன்னால் கிட்டத்தட்ட எல்லா இடங்களும் காலியாக இருக்கும். ஜனவரியில் 320-ஓடு வரும் கோப்பு மிச்சமிருக்கும் இடங்களுக்காகப் போட்டி போட வேண்டும். ஒருமுறை எழுதினால் அடுத்த முயற்சிக்கு இரண்டு மாதமாவது இடைவெளி வேண்டும் என்பதையும், அதற்குப் படிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். செப்டம்பரில் ‘மறுபடி எழுதலாம்’ என்று முடிவெடுத்தவர் கோப்பைப் பூர்த்தி செய்யும்போது வருடமே திரும்பியிருக்கும்.

எனவே முடிவெடுக்கும் முன் மொத்த மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, பாடவாரியாகப் பாருங்கள். ஒருவர் ஆறு பிரிவிலும் 300 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் வாசிப்பில் 350, கணக்கில் 310, உயிரியலில் 310, பொது வேதியியலில் 290, இயற்பியலில் 280, கரிம வேதியியலில் 260. இருவருக்கும் சராசரி அதே 300-தான். ஆனால் சேர்க்கைக் குழுவின் கண்ணுக்கு இருவரும் ஒன்றல்ல. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் மூன்றையும் சேர்த்த மொத்த அறிவியல் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்கும் கல்லூரிகள் உண்டு. அங்கே இரண்டாமவருக்கு அடி விழும். முதல் வருடமே வடிவியல் ஒளியியல் (ஒளி வில்லைகளில் எப்படிச் செல்கிறது என்ற இயற்பியல்) பாடம் வந்து நிற்கும் என்பதால் இயற்பியல் 280-ம் கண்ணில் படாமல் போகாது. ஆனால் மறுபடி எழுதினால் அதிகம் ஏற வாய்ப்புள்ளவரும் இந்த இரண்டாமவர்தான். ஓட்டை எங்கே என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆறிலும் 300 எடுத்தவருக்கு அந்த வசதி இல்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தூக்க வேண்டும், அதற்கு உழைப்பு பல மடங்கு. இரண்டாவது முறை மதிப்பெண் குறைந்தாலும் அதுவும் கல்லூரிக்குத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

ஜி.பி.ஏ.வையும், அதாவது இளநிலைப் படிப்பில் 4-க்கு எடுத்த சராசரியையும், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அறிவியல் பாடங்களில் 3.6, ஓ.ஏ.டி. 300 என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: இந்த ஜூலையிலேயே அனுப்புங்கள். நான்கு வருடம் நன்றாகப் படித்ததற்கு அத்தாட்சி இருக்கிறது, ஒரு நாள் தேர்வு சுமாராகப் போனதைக் குழு புரிந்துகொள்ளும். 3.1-ம் 300-ம் என்றால் நிலைமை வேறு. ஜி.பி.ஏ.வைச் சீக்கிரத்தில் நகர்த்த முடியாது, தேர்வை நகர்த்த முடியும். மறுபடி எழுதுவது இவருக்குத்தான் பொருந்தும். 2.8 பக்கம் இருப்பவர் தேர்வை மட்டும் நம்பக் கூடாது. ஒரு வருடம் எடுத்து, கல்லூரியில் மேம்பட்ட அறிவியல் பாடங்கள் சிலவற்றைப் படித்து ‘ஏ’ வாங்கிக் காட்டுவதும், ஏதாவது கண் மருத்துவகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்ப்பதும் பலன் தரும். வீட்டில் ‘ஒரு வருஷம் வீணாப்போகுதே’ என்பார்கள். நான்கு வருட ஆப்டோமெட்ரிப் படிப்பின் நடுவில் தோற்று நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது? கலிபோர்னியாவின் பெர்க்லி போன்ற போட்டி மிகுந்த இடங்களில் 300 என்பது கடினம்தான், அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றுக்கு மேல் விண்ணப்பம் போடாதீர்கள். சொந்த மாநிலத்தில் அரசுக் கல்லூரி இருந்தால் அது முதலில். அந்த மாநிலத்தவருக்குக் கட்டணமும் குறைவு, சில இடங்களில் முன்னுரிமையும் உண்டு. தனியார் கல்லூரிகளில் வகுப்பு பெரிதாக இருப்பவை மதிப்பெண்ணில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. பட்டம் வாங்கினால் போதாது, என்.பி.இ.ஓ. என்ற தேசிய ஆப்டோமெட்ரித் தேர்வு வாரியம் நடத்தும் மூன்று பகுதித் தேர்விலும் தேறினால்தான் உரிமம். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதமும் பொதுவில் வெளியாகிறது, கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் பெரிது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் முயற்சியிலேயே முதல் பகுதியில் தேறியவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நடுத்தர மதிப்பெண்ணோடு நுழைபவருக்குத்தான் அந்த எண் ரொம்ப முக்கியம், ஏனென்றால் படிப்பில் கைகொடுத்துத் தூக்கிவிடும் கல்லூரி அவருக்குத்தான் தேவை.

பணக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற, மேற்படிப்பின் முழுச் செலவுவரை வாங்க முடிந்த அரசுக் கடன் கிடையாது. இத்தகைய தொழிற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர்தான். கட்டணமும் வீட்டு வாடகையும் சேர்ந்தால் சில தனியார் கல்லூரிகளில் இதைத் தாண்டிவிடும், மிச்சத்துக்கு வங்கிக் கடனைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தால், பெயரைப் பார்க்காமல் நான்கு வருட மொத்தச் செலவையும் தேர்ச்சி விகிதத்தையும் ஒரே தாளில் எழுதி வைத்து முடிவெடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் போட்டால் சும்மா இருந்துவிடாமல், புது மதிப்பெண்ணோ பாடமோ வேலை அனுபவமோ சேர்ந்ததும் கல்லூரிக்கு எழுதித் தெரிவியுங்கள். முன்பணம் கட்டிய சிலர் வேறு இடம் கிடைத்து விலகுவார்கள் என்பதால் கோடைவரைகூட அழைப்பு வருவதுண்டு.